தானாகக் கெட்ட சாவி

ஒரு சாவி தப்பாக வெட்டுப்பட்டுவிட்டால் தம்பி அதை உடனே கழிவு டப்பாவில் போடமாட்டான். இடது கண்ணை மூடிக்கொண்டு, சாவியைப் படுக்கைவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதன் பற்களைத் தூரத்து மலையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். இந்தப் பழக்கத்தை அண்ணன் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார். அப்புறம் எரிச்சல்பட்டார். பின்னால் ஒரு காலம் வந்தது. அந்தப் பார்வையின் மேலேயே அவருக்குப் பொறாமை பிடித்துக்கொண்டது. அப்படி அதில் இவன் எதைத்தான் பார்க்கிறான்?

அவர்களுடைய சாவிக் கடை ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. மாடி ஏறுகிறவர்களின் செருப்புச் சத்தம் மண்டைக்குள்ளேயே நடப்பதுபோல் கேட்கும். ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் இன்னொருவர் திரும்ப முடியும். சுவர் முழுக்கக் கொக்கிகள், கொக்கிகளில் வெட்டாத சாவிகள், நடுவில் மெஷின். மெஷினில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிடிகள். ஒன்றில் வாடிக்கையாளர் கொண்டுவந்த அசல் சாவியை இறுக்குவார்கள், மற்றதில் வெட்டாத சாவியை. ஒரு முள் அசலின் பல்லைத் தடவிக்கொண்டே போகும். அதோடு சேர்ந்து நகரும் சக்கரம் புதுச் சாவியில் அதே பல்லை வெட்டும். கை நடுங்கக் கூடாது, அவசரப்படக் கூடாது, கண் வேறெங்கும் போகக் கூடாது. அவ்வளவுதான் தொழில்.

அண்ணனுக்கு இதெல்லாம் பிறவியிலேயே வந்ததுபோல் இருந்தது. தம்பிக்குக் கடைசிவரை வரவில்லை.

தெருவில் அண்ணனைப் பெரியவர் என்றார்கள். தம்பியைக் கோணல் என்றார்கள். "கோணல்கிட்ட குடுத்துடாதீங்க, பெரியவர் இப்ப வந்துடுவாரு, இப்படி உட்காருங்க" என்று பக்கத்து ஜெராக்ஸ் கடை அம்மாளே வாடிக்கையாளர்களைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைப்பாள். கோணலுக்கு அதில் துளி வருத்தம் கிடையாது.

"அக்கா, உங்க மெஷின்லகூடத்தான் பாதிப் பக்கம் கறுப்பா வருது. நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

"அது மெஷின்டா, தப்பு பண்ணும். நீ மனுஷன்."

"மனுஷன்னாதான் தப்பு பண்ணலாம்னு நெனச்சேன்."

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு முன்னறையில் ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் டப்பா டப்பாவாகக் கெட்ட சாவிகள். சட்டைப் பை எல்லாம் அடியில் கிழிந்து தொங்கும். "தம்பி, நான் சட்டை துவைக்கிறேனா, பூட்டுக் கடையைத் துவைக்கிறேனா?" என்று அண்ணி கேட்பாள். கேட்டுக்கொண்டே தைத்தும் கொடுப்பாள், இரட்டைத் துணி வைத்து.

அந்த டப்பாக்களிலிருந்து முதலில் வந்தது ஒரு நாய். கடை வாசலில் எந்நேரமும் சுருண்டு படுத்திருக்கும் தெருநாயை அப்படியே செய்திருந்தான். ஈயத்தை உருக்கி ஒவ்வொரு சாவியாக ஒட்டியதில், பற்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து முதுகு முடியாகியிருந்தன. மூக்குக்கு ஒரு பழைய பெட்டிப் பூட்டின் துண்டு. பெரியவரின் மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதன் வயிற்றில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது தூங்குதுப்பா, சத்தம் போடாதீங்க!" என்றாள். பெரியவரும் அன்று விழுந்து விழுந்து சிரித்தார். வெட்டத் தெரியாதவன் விளையாடுகிறான், விளையாடட்டும் என்று நினைத்தார்.

விளையாட்டு நிற்கவில்லை. மீன்கள் வந்தன, பறவைகள் வந்தன, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆடு வந்தது. ஒரு பல் டாக்டர் மீனை வாங்கித் தன் காத்திருக்கும் அறையில் மாட்டினார். அங்கே வாய் வீங்கி உட்கார்ந்திருந்தவர்கள் வலியை மறந்து, இது யார் செய்தது என்று விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். படிக்கட்டுக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்து, "சார் இருக்காரா?" என்று கேட்பார்கள். பெரியவர் எழுந்து, "சொல்லுங்க" என்பார். "இல்ல, இன்னொரு சார்" என்பார்கள்.

கோணலை ஒருவர் சார் என்று கூப்பிட்டதைக் கேட்டு ஜெராக்ஸ் அம்மாளுக்குப் புரையேறியது. பெரியவருக்கு வேறெங்கோ ஏறியது.

அவர் நியாயத்தையும் கேட்கத்தான் வேண்டும். அவர் வெட்டிய சாவி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. முதல் திருப்பிலேயே பூட்டு வழிவிடும். ஆனால் சரியாக வெட்டிய சாவியைப் பற்றி யார் பேசுகிறார்கள்? கதவு திறந்தால் உள்ளே போய்விடுகிறார்கள். திறக்காதபோதுதான் சாவி போட்டவன் ஞாபகம் வருகிறது. நல்ல சாவியெல்லாம் யார் யார் பையிலோ, கைப்பையிலோ கண் மறைவாய்ப் போய்விட, கெட்ட சாவிகள் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் சுவரேறி நின்றன. அது எந்த ஊர் நியாயம் என்று அவருக்கு விளங்கவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். தாங்க முடியாதது மகள் விஷயம்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவளுடைய பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம்கூட அவருக்குப் புரியாது. ஆனால் அந்தப் படிப்பு முழுவதும் தன் கையால் பல் பல்லாக வெட்டியது என்று மட்டும் தெரியும். அதை அவள் வாயால் ஒருநாள் கேட்க வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம், நாலு பேர் முன்னால் "எங்கப்பா" என்று நிமிர்ந்து சொன்னால் போதும். அந்த ஒன்றுக்காக அவர் காத்திருந்தார். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒருநாள் அவள் தோழிகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். தூரத்தில் பார்த்ததுமே பெரியவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மெஷினைத் துடைத்து வைத்தார். பெண்கள் கோணலைச் சுற்றிக்கொண்டார்கள். அவன் செய்துகொண்டிருந்த மைனாவைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். கடையில் இடம் இல்லாததால் பெரியவர் வெளியே இறங்கி வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று. கடைசியில் ஒருத்திதான் அவரைக் கவனித்தாள்.

"அங்கிள், நீங்களும் ஆர்ட்டிஸ்டா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "இல்லடி, அப்பா சும்மா சாவி போடுறவரு."

அவள் எந்தக் கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை. அடுத்த நொடியே மறந்தும் போயிருப்பாள். ஆனால் அந்தச் சும்மா அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சோற்றில் கை வைத்தால் சும்மா. மெஷினைப் போட்டால் அது சும்மா சும்மா என்று ஓடியது.

மறுவாரமே கழிவு டப்பாவைக் காயலான் கடைக்காரனிடம் கொட்டிவிட்டார். இடத்தை அடைக்கிறது என்று காரணம் சொன்னார். கோணல் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு மற்ற சாவிக் கடைகளுக்கு நடந்தான். போகிற இடமெல்லாம் அவனை உட்காரவைத்துப் பேசி, பை நிறையக் கொடுத்தனுப்பினார்கள். அவன் திரும்பி வந்தபோது பையில் முன்பைவிட இரண்டு மடங்கு கெட்ட சாவிகள் இருந்தன, நாலு புது நண்பர்களும் சேர்ந்திருந்தார்கள்.

"உங்க வயிறு எரியற வாசனை அடுப்படி வரைக்கும் வருது" என்றாள் மனைவி, தட்டை வைத்துக்கொண்டே.

"எனக்கென்ன எரியுது? சாவி வெட்டத் தெரியாத பயல்."

"தெரியாதுதான். அதுக்கு ஏன் நீங்க சாப்பிடாம இருக்கீங்க?"

அப்புறம்தான் கல்லூரிக் காக்கை வந்தது. மகள்தான் முதல்வரிடம் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். நூலக வாசலில் வைக்க ஒன்று செய்துதரக் கேட்டுக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முதல்வர் மயிலாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றாராம். "மயிலுக்குப் பளபளன்னு வேணும்ங்க. என்கிட்ட இருக்கறதெல்லாம் துருப்பிடிச்ச சமாசாரம். காக்காவுக்குத்தான் சரியா வரும்" என்று கோணல் சொல்லிவிட்டு வந்தான். மகள் இதை வீட்டில் நடித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் தண்ணீர் குடித்தார்.

இறக்கை விரித்த பெரிய காக்கை. அதற்கு வண்டி வண்டியாகச் சாவி வேண்டும். கோணலுக்கு ஒரு விரதம் உண்டு. நல்ல சாவியைத் தொடமாட்டான். "அதுக்குன்னு எங்கயோ ஒரு கதவு காத்திருக்கும்ணே, நாம எப்படி எடுக்கறது?" என்பான். எந்தக் கதவுக்கும் ஆகாமல் போனது மட்டும்தான் அவனுக்கு. அதனால் அவன் செய்த எதிலும் அண்ணன் கை பட்ட சாவி ஒன்றுகூடக் கிடையாது. இதில் பெரியவருக்கு முன்பெல்லாம் பெரிய கர்வம். "தேடிப் பாரு, அந்தக் குப்பையில என்னோடது ஒண்ணு காட்டு" என்று ஜெராக்ஸ் அம்மாளிடம் பந்தயம் கட்டியிருக்கிறார். இப்போது அதே விஷயம் தலைகீழாகக் குத்த ஆரம்பித்தது. மகளின் கல்லூரியில், மகளே கேட்டு வாங்கிய காக்கையில், ஊரில் உள்ள அத்தனை சாவிக்காரன் கையும் இருக்கப்போகிறது. அவளைப் படிக்கவைத்த கை மட்டும் இருக்காது.

தம்பி வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், பெரியவர் வெட்டாத சாவி ஒன்றைப் பிடியில் இறுக்கினார். இறுக்கியதைக் கொஞ்சம் தளர்த்தி, வேண்டுமென்றே அரைப் பல் தள்ளிவைத்து வெட்டினார். உடம்பெல்லாம் கூசியது. வெட்டி முடித்ததும் யாரும் பார்க்கிறார்களா என்று தெருவை ஒரு நோட்டம் விட்டு, தம்பி கடையில் விட்டுப்போயிருந்த சாவிப் பைக்குள் நடுவாகப் பார்த்துச் செருகினார்.

சாயங்காலம் கோணல் பையைக் கவிழ்த்து, வழக்கம்போல் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்கினான். ஒன்றில் அவன் கை நின்றது. இடது கண்ணை மூடினான். திறந்தான். அண்ணனைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது நீ போட்டது."

"நானா? எனக்கென்ன வேலை?"

"எல்லாப் பல்லும் சுத்தமா இருக்கு. ஒரே அளவா அரைப் பல் தள்ளி இருக்கு. தப்பு இவ்வளவு ஒழுங்கா வராதுண்ணே. தப்பு பண்றதுல நான் பழம் தின்னு கொட்டை போட்டவன், எனக்குத் தெரியாதா?"

பெரியவருக்கு ஓடி ஒளிய இடமில்லை. கடை அத்தனை சின்னது. "கண்ணு மங்குது, தள்ளிப்போயிருக்கும்" என்று முணுமுணுத்தார்.

கோணல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பெரியவர் சண்டை பிடித்திருப்பார், பாரம் இறங்கியிருக்கும். அவன் அந்தச் சாவியை மெதுவாக அண்ணன் பக்கம் தள்ளிவைத்தான்.

"இதைச் சேத்தா காக்காவுக்கு ஒரு றெக்கை பொய்யாயிடும். நீ ஒண்ணு பண்ணு. நெஜமாவே உன் கையிலிருந்து தப்பா ஒண்ணு வரும்ல, அன்னிக்கு அதை எனக்குக் குடு. அதை நடுவுல வெச்சு உனக்குன்னு ஒண்ணு செஞ்சு தரேன். ஊருக்கெல்லாம் செஞ்சாச்சு, உனக்குத்தான் செய்யல."

"எனக்கு எதுக்குடா அதெல்லாம்?"

"தரேன்னா தரேன்ணே. இது உனக்கு நான் வெச்ச பாக்கி." சொன்னதோடு நிற்காமல், சுத்தியலை எடுத்து மெஷினுக்கு மேலே சுவரில் ஓர் ஆணியையும் அடித்துவிட்டான். "இங்கதான் தொங்கும். பாத்துக்கோ."

காக்கை வாசலுக்கு வந்த அன்று கல்லூரியில் படம் எடுத்தார்கள். நடுவில் காக்கை, ஒரு பக்கம் கோணல், இன்னொரு பக்கம் மகள், சிரிப்பு காதுவரை. பெரியவரையும் கூப்பிட்டார்கள். அவர் ஓரத்தில் போய் நின்றார். படத்தில் காக்கையின் இறக்கை அவர் முகத்தில் பாதியை மறைத்துவிட்டது. மகள் அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினாள். அந்தப் பாதி முகத்தைக் கடந்துதான் அவர் தினமும் குளிக்கப் போக வேண்டும்.

அதற்கப்புறம் அவர் நிஜமான தப்புக்காகக் காத்திருந்தார் என்றால் நம்புவீர்களா? காத்திருந்தார். வரவில்லை. நினைக்காதபோது வர வேண்டிய ஒன்றை எப்படி நினைத்து வரவழைப்பது? ஒவ்வொரு சாவியும் எண்ணெயில் நழுவுவதுபோல் சரியாகவே விழுந்தது. தப்புகூடத் தம்பிக்குத்தான் வாய்க்கிறது என்று மனதுக்குள் அதற்கும் ஒரு மூச்சு பொருமினார். கோணல் அவ்வப்போது ஆணியைக் காட்டி, "என்னண்ணே, இன்னும் ஒண்ணும் விழலையா?" என்று கேட்பான். "என்னையும் உன்னை மாதிரி நெனச்சியாடா?" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த கோணல், ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

வீட்டு வாசலில் கூட்டம் தெருமுனைவரை நின்றது. பல் டாக்டர் வந்தார், கல்லூரி முதல்வர் வந்தார், மற்ற சாவிக் கடைக்காரர்கள் கடையை அடைத்துவிட்டு வந்தார்கள். ஜெராக்ஸ் அம்மாள், "இனிமே யாரை நான் திட்டுவேன்" என்று சுவரில் சாய்ந்து கதறினாள். பெரியவரும் அழுதார். கூடப் பிறந்தவன், கூடவே நின்றவன், பொய்யழுகை இல்லை. ஆனால் அழுதுகொண்டே ஓரக்கண்ணால் கூட்டத்தை அளந்தார். நமக்கு இத்தனை பேர் வருவார்களா? அந்த நினைப்பு வந்ததும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. அடித்துக்கொண்டாலும் அது போயிருக்காது. உயிரோடு இருக்கிறவனோடு மல்லுக்கு நிற்கலாம். போய்ச் சேர்ந்தவன் இனிமேல் ஒரு சாவியையும் கெடுக்கப் போவதில்லையே.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அங்கே ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். விடுமுறையில் வந்தவள், நேராகக் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வீட்டுக்காரம்மா ஒரே சாவிதான் குடுத்திருக்காங்கப்பா. நீங்களும் அம்மாவும் வர்றப்ப நான் ஆபீஸ்ல இருந்தா வெளியதான் நிக்கணும். இன்னொண்ணு போட்டுக் குடுங்க."

பெரியவர் அசலை வாங்கி இறுக்கினார். மெஷின் ஓடத் தொடங்கியது. அவள் சுவரில் தொங்கிய சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இப்ப இந்தத் தெருவுல நடந்து வந்தேன்ல. ஒரு அம்மா கதவைப் பூட்டிட்டு இருந்தாங்க. அது நீங்க போட்ட சாவியாத்தான் இருக்கும்னு தோணுச்சு. அடுத்த வீட்டுக்காரர் திறந்துட்டு இருந்தாரு. அதுவும் உங்களோடதுதான். இந்த ஊர்ல முக்கால்வாசிப் பேரு எங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள போறாங்கன்னு நெனச்சேன். எனக்கு ஏன்பா இது இத்தனை நாளா தோணல?"

எங்கப்பா. பெரியவர் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். சக்கரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சாவியை எடுத்து, தேய்த்து, அசலோடு சேர்த்து வைத்துப் பார்க்காமலே அவள் கையில் கொடுத்துவிட்டார். அவள் போன பிறகும் வெகுநேரம் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

"அப்பா, சாவி திரும்பல."

"அதெப்படி? பூட்டுக்கு எண்ணெய் விட்டியா?"

"விட்டேம்பா."

"முழுசா உள்ள தள்ளிட்டுத் திருப்பணும்."

"வீட்டுக்காரம்மாவும் தள்ளிப் பாத்துட்டாங்க. நீங்கதான் தப்பா போட்டிருக்கீங்க." சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் அவளே கொஞ்சம் பயந்துபோனது கேட்டது.

அடுத்த தடவை வரும்போது அதைக் கொண்டுவந்தாள். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மூன்றாவது பல்லை எலி கரம்பினாற்போல் இருந்தது. அதற்கடுத்தது சாய்ந்திருந்தது. ஓரமெல்லாம் பிசிர். அதில் ஒழுங்கு என்று ஒன்றும் இல்லை. இதை யாராலும் வேண்டுமென்று செய்ய முடியாது.

"கல்லூரியில கேட்டா சித்தப்பா காக்காவுலயே ஒட்டவெச்சுக்கலாம்பா. நான் பேசட்டா?" என்றாள் மகள். அவளுக்கு அந்த ஆணியின் கதை தெரியும்.

"ஒண்ணும் வேணாம்."

"ஏன்?"

"அவன் காக்காவுக்கு அவன் சாவியே போதும். இது என்னோடது. இதை நடுவுல வெச்சு எனக்குன்னு ஒண்ணு செஞ்சு தரேன்னு சொன்னது யாரு? ஆணி அடிச்சது யாரு?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஜெராக்ஸ் அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் செஞ்சான். எனக்குத் தர வேண்டியதை மட்டும் தராமப் போயிட்டான்."

பெரியவர் இடது கண்ணை மூடிக்கொண்டு, சாவியைப் படுக்கைவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அவன் இருந்தால் இதில் எதையாவது பார்த்திருப்பான். ஓர் அலகு, ஒரு துடுப்பு, நாயின் காது. அவருக்கு ஒரு கெட்ட சாவிதான் தெரிந்தது. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அப்போதும் சாவிதான்.

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மகளிடம் அசலைக் கேட்டு வாங்கி, புதிதாக ஒன்றை வெட்ட உட்கார்ந்தார். இந்தத் தடவை தலையைத் தூக்கவில்லை. மெஷினுக்கு மேலே அந்த ஆணி காலியாகவே இருந்தது.